வெள்ளைப்படுதலும் ஒரு கம்பெனி பஸ்ஸும்

எங்கள் கம்பெனியில் தூசிக்கு இருக்கிற மரியாதை மனிதர்களுக்குக் கிடையாது. ஒரு துளித் தூசி உள்ளே நுழைந்துவிட்டால் அதிகாரிகள் வரிசையாக ஓடி வருவார்கள். நான் நாள் முழுக்க நின்றாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரகடத்தில், செல்போனுக்குள் போகிற சின்னஞ்சிறு கேமராக்களைச் செய்கிற இடம் அது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை, கண் மட்டும் வெளியே. பூ வைக்கக் கூடாது, பவுடர் பூசக் கூடாது, வளையல் போடக் கூடாது. உள்ளே போகுமுன் ஒரு பெட்டி மாதிரி அறையில் கையைத் தூக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். நாலா பக்கமும் காற்றடித்து நம்மேல் ஒட்டியிருக்கிற ஊர்த்தூசியை எல்லாம் ஊதித் தள்ளும். உள்ளே என் வேலை, பெரிதாக்கிக் காட்டுகிற கண்ணாடி வழியாக ஒவ்வொரு கேமராவாகப் பார்த்து, கறை, கீறல், பிசிறு என்று பிரித்துப் போடுவது. அழுக்கைக் கண்டால் துடை. போகவில்லையா, மறுபடியும் துடை. இந்த ஒரு பாடத்தை எனக்கு நன்றாகவே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான்தான் அதை வேறோர் இடத்தில் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தேன்.

கல்யாணமாகி, இதோ அதோ என்று காத்திருந்து, என் அம்மா மாதா கோயிலில் பொருத்தனையெல்லாம் வைத்த பிறகு தங்கிய பிள்ளை அது. அதனால் எனக்கு எதைப் பார்த்தாலும் பயம். மாடிப்படியைப் பார்த்தால் பயம், ஸ்பீடு பிரேக்கரைப் பார்த்தால் பயம். வயிற்றில் இருப்பது பத்திரமாக வெளியே வர வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு. மற்றபடி தலையில் இடி விழுந்தாலும் பரவாயில்லை என்றிருந்தேன்.

ஐந்தாம் மாதம் நடக்கும்போது அரிப்பு ஆரம்பித்தது. எங்கே என்று கேட்காதீர்கள். கேட்டால் சொல்லிவிடுவேன், இப்போதெல்லாம் எனக்கு அந்தக் கூச்சம் சுத்தமாகப் போய்விட்டது. அப்போது கூச்சம் மலையளவு இருந்தது, அரிப்பு அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. கூடவே வெள்ளையும் பட்டது. அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு அரித்தால் என்ன செய்ய முடியும்? கையுறை போட்ட கையால் உடம்பைத் தொடவே கூடாது. ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டு, மேசை விளிம்பில் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி பின்னிக்கொண்டு நான் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு எங்கள் சூப்பர்வைசர், "இன்னாக்கா, டான்ஸ் போட்டிக்கு பேர் குடுத்துட்டியா?" என்றார். முகமூடிக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணால் மட்டும் சிரித்தேன். பாத்ரூம் போகலாமென்றால் மாற்று ஆள் வர வேண்டும், உடுப்பு முழுவதையும் கழற்ற வேண்டும், திரும்பி வந்து மறுபடியும் காற்றில் சுற்ற வேண்டும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்தேன். புத்திசாலி என்று நினைப்பு.

நாங்கள் அப்போது இருங்காட்டுக்கோட்டையில், கம்பெனிக்காரர்களுக்கென்றே கட்டி வாடகைக்கு விட்டிருக்கிற வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். பக்கத்து வீட்டு அக்கா எங்கள் கம்பெனியிலேயே பேக்கிங்கில் வேலை. ஒரே ஷிப்ட், ஒரே பஸ், ஒரே குழாயடி. வாய் என்றால் அப்படி ஒரு வாய். அக்கா குழாயடியில் பேசினால் தெருக்கோடியில் இருக்கிறவன் பதில் சொல்வான்.

"இன்னாடி, மொகம் வெளிறிக்கினு கீது?"

"ஒண்ணுமில்லக்கா." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னேன். "வெள்ள படுது. அரிப்பு வேற."

"அட, இவ்ளோதானா!" அக்கா குடத்தை இறக்கி வைத்தாள். "சூடுடி அது. நின்னுகினே வேல பாக்குற இல்ல, ஒடம்பு சூடு. வெந்தயத்த ஊற வெச்சி வெறும் வயித்துல முழுங்கு. எளநி குடி. மோர் குடி. கறிய வுட்டுடு. ரெண்டே நாளு, பறந்து பூடும் பாரு."

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் திருநெல்வேலிப் பக்கம். கார் கம்பெனிக்குக் கதவு செய்கிற இடத்தில் வேலை. அவரும் ஒரு நொடி யோசிக்கவில்லை. "சூடுதாம்ட்டி அது. எங்க ஊருன்னா பதனி குடிச்சே சரியாக்கிருவாவ."

சாதியில், மதத்தில், கட்சியில், எதிலும் ஒத்துப்போகாத நம் ஜனங்கள் எல்லாரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இந்த உடம்புச் சூடுதான். வடக்கே கேட்டாலும் சூடு, தெற்கே கேட்டாலும் சூடு. நானும் இறங்கினேன். வெந்தயம், இளநீர், மோர், நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு. அக்கா தன் கையாலேயே சப்ஜா விதை ஊறவைத்துச் சொம்பில் கொண்டு வந்து, நான் குடித்து முடிக்கும்வரை இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்பாள். கடைசியில் எனக்குச் சளி பிடித்தது. தும்முகிறேன், மூக்கு ஒழுகுகிறது, ஆனால் அரிப்பு மட்டும் கடுகளவும் குறையவில்லை. உடம்பு குளிர்ந்து நடுங்குகிறவளுக்குச் சூடு எங்கே இருக்கிறது என்று எனக்கே கோபம் வந்தது.

அந்தக் கோபத்தில்தான் கம்பெனி மூளை வேலை செய்தது. இது சூடு இல்லை, அழுக்கு. அழுக்கு என்றால் துடைக்க வேண்டும், அவ்வளவுதானே? மருந்துக்கடையில் கிருமிநாசினி பாட்டில் ஒன்று வாங்கினேன். வெந்நீரில் கலந்து காலையில் கழுவினேன், மாலையில் கழுவினேன். வெளியே மட்டும் கழுவினால் போதுமா? எங்கள் லைனில் கேமராவின் மேற்பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டு அனுப்பினால் சும்மா விடுவார்களா? உள்ளேயும் கழுவினேன். சோப்பும் போட்டேன். மிளகாய்ப்பொடி பட்ட மாதிரி எரிந்தது. எரிகிறதென்றால் கிருமி சாகிறது என்று அர்த்தம் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, பாத்ரூமில் ஒற்றைக்காலில் குதித்தேன். வெளியே இருந்து வீட்டுக்காரர், "ஏட்டி, உள்ள என்ன பண்ணுத? வழுக்கிறாம பாத்துக்க," என்று கத்தினார். குளிக்கிறேன் என்று பாட்டு மாதிரி இழுத்துச் சொன்னேன்.

கிருமி செத்ததோ இல்லையோ, புதிதாக ஒரு வாடை வந்தது. மீன் கழுவிய தண்ணீர் மாதிரி. அன்றைக்குத்தான் என் வீரமெல்லாம் வடிந்தது. வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளைக்கு இந்த வாடை எட்டுமோ, அதற்கு என்ன ஆகுமோ என்று நினைத்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஸ்ரீபெரும்புதூருக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன். நான் மாதாமாதம் காட்டுகிற டாக்டரம்மாவின் சின்ன ஆஸ்பத்திரி அங்கேதான்.

"என்னம்மா, இன்னும் செக்கப் தேதி வரலியே?"

"இல்ல மேடம். கீழ கொஞ்சம்..."

"கீழன்னா? கால் வீக்கமா?"

"இல்ல மேடம். அதுக்கு மேல."

"முட்டி வலியா?"

"இன்னும் மேல மேடம்."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது. "இப்படியே மேல ஏறிகிட்டு இருந்தா தலைக்குப் போயிடுவோம். நேரா சொல்லும்மா."

நேராகச் சொல்ல எனக்குத் தெரிந்த மொழி ஒன்றுதான். லைனில் குறையுள்ள கேமராவைப் பற்றி எப்படிச் சொல்வேனோ அப்படியே சொன்னேன். "மொதல்ல வெள்ளையா, கட்டி கட்டியா, திரிஞ்ச தயிர் மாதிரி மேடம். வாடை கெடையாது, அரிப்பு மட்டும். இப்போ கொஞ்ச நாளா தண்ணியா, சாம்பல் கலர்ல, மீன் வாடையோட. அளவு முன்னவிட அதிகம். ரத்தம் இல்ல, வலி இல்ல."

"அடேயப்பா! இவ்ளோ தெளிவா யாரும் என்கிட்ட சொன்னதே இல்ல. வீட்ல ஏதாவது வைத்தியம் பண்ணியா?"

பாட்டிலைப் பற்றிச் சொன்னேன். உள்ளேயும் கழுவினேன் என்று சொன்னபோது டாக்டரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். படுக்கவைத்துப் பார்த்து, பஞ்சுக்குச்சியில் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, எதிரே உட்காரவைத்துச் சொன்னார்.

"கர்ப்பத்துல வெள்ளை கொஞ்சம் அதிகமாவே படும். தண்ணியா, வாடை இல்லாம, அரிப்பு இல்லாம இருந்தா அது சகஜம். மொதல்ல உனக்கு வந்தது பூஞ்சை. வயித்துல பிள்ளை இருக்கறப்போ அது சுலபமா வரும், அதுல உன் தப்பு ஒண்ணுமில்ல. ஆனா இந்த மீன் வாடை இருக்கே, அதுல உன் கைங்கரியமும் இருக்கு. உள்ள நல்ல கிருமிங்க காவலுக்கு இருக்கும்மா. நீ வாட்ச்மேனையெல்லாம் வெரட்டிட்டு கதவ தெறந்து போட்டுட்ட. யார் வேணா வந்து உக்காந்துக்கினாங்க."

"அப்போ சூடு மேடம்?"

"அது வெய்யில்ல இருக்கு. நீ எதுக்கு அத உள்ள தேடுற?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் எழுந்திருக்க முடியுமா? "பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா மேடம்?"

டாக்டரம்மாவின் முகத்தில் இருந்த விளையாட்டு போய்விட்டது. "சிலத கவனிக்காம விட்டா குறைமாசத்துல பனிக்குடம் உடையலாம், வலி வரலாம். அதுக்குத்தான் காட்டணும்னு சொல்றது. நீ காட்டிட்ட. மருந்து ஒழுங்கா போடு, சரியாயிடும். இனிமே வெளிய வெறும் தண்ணி போதும், சோப்பு கூட வேணாம். பருத்தி உள்ளாடை போடு, ஈரத்தோட இருக்காத, பாத்ரூம் வந்தா அடக்காத. நல்லா தண்ணி குடி. ஆனா ஒண்ணு. ரத்தம் பட்டாலோ, ஜுரம் வந்தாலோ, தண்ணி மாதிரி ஊத்தினாலோ, அது என்னன்னு நீயே ஆராய்ச்சி பண்ணாத. அந்த நிமிஷமே கிளம்பி வந்துடு."

பிறகு வயிற்றில் கருவியை வைத்துப் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கவைத்தார். குதிரை ஓடுகிற மாதிரி ஒரே ஓட்டம். அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தவள் பஸ் ஸ்டாண்டில் தன்னந்தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். பூக்காரம்மா ஒருத்தி பாவம் என்று பார்த்தாள். என் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று அவளைப் பிடித்துச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

மருந்தில் ஒன்று, படுக்கப் போகுமுன் உள்ளே வைத்துக்கொள்ள வேண்டிய மாத்திரை. நெல்லிக்கொட்டை அளவு இருக்கும். என் வீட்டுக்காரர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு பெருசா? தொண்டைல சிக்கிக்கிடப் போவுது. இரு, நான் ரெண்டா உடைச்சுத் தாரேன்," என்று சொம்பு நிறையத் தண்ணீரும் கொண்டு வந்து வைத்தார். அது வாய்க்கு இல்லை என்றேன். பின்னே எதற்கு என்றார். சொன்னேன். மனுஷன் சொம்பைக் கையில் எடுத்து அந்தத் தண்ணீரை அவரே மடமடவென்று குடித்துவிட்டுப் பாயை விரித்தார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அக்கா சுவரைத் தட்டினாள். மருந்து முடிவதற்குள் அரிப்பும் போயிற்று, வாடையும் போயிற்று. லைனில் பாத்ரூம் போக வேண்டுமென்றால் இப்போது கையைத் தூக்கிவிடுவேன். சூப்பர்வைசர் முறைத்தால் நானும் முறைப்பேன்.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் பிரசவ லீவுக்கு எழுதிக்கொடுத்தேன்; லீவுக்கு முந்தின கடைசி வேலை நாளில் எனக்கு வளைகாப்பு என்று முடிவானது. எட்டாம் மாதம் வளையல் போட மாட்டார்கள் என்பதால் அக்கா அந்த நாளுக்காகவே காத்திருந்தாள். கம்பெனிக்குள் கண்ணாடி வளையலுக்கு இடமில்லை, வீட்டில் அத்தனை பேர் உட்கார இடமில்லை. அதனால் எங்கள் ஊழியர் பஸ்ஸில் யாருக்கு வளைகாப்பு என்றாலும், காலை ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும்போது ஓடுகிற பஸ்ஸிலேயே நடத்திவிடுவது வழக்கம். ஜன்னல் கம்பியில் மாலை கட்டினார்கள். முன் சீட்டில் என்னைத் திருப்பி உட்காரவைத்தார்கள். புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் எல்லாம் டிபன் டப்பாக்களில் வந்திருந்தன. டிரைவர் அண்ணன் தன் பங்குக்கு ஸ்பீக்கரில் பாட்டைத் தட்டிவிட்டு, "மெதுவா ஓட்டுறேன், நல்லா செய்ங்க," என்றார். பள்ளத்தில் பஸ் குலுங்கும்போதெல்லாம் சந்தனம் கன்னத்துக்குப் பதில் காதில் பூசப்பட்டது. ஒருத்தி நெற்றிக்குக் கொண்டுவந்த குங்குமம் அக்காவின் மூக்கில் போய் உட்கார்ந்தது. அக்கா அந்த மூக்கோடு, மூச்சு விடாமல் திட்டிக்கொண்டே எனக்கு வளையல் போட, பஸ் மொத்தமும் ஓவென்று சிரித்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அப்போதுதான் வெதுவெதுவென்று ஏதோ தொடை வழியாக ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது.

அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னேன். அக்காவின் முகம் மாறியது. "கம்முனு இரு. வூடு வந்துடும், போய் பாத்துக்கலாம். ஆம்பள கீறாரு பாரு வண்டில," என்றாள். எனக்கும் ஒரு மனசு அதையேதான் சொன்னது. திருவிழா மாதிரி கூடியிருக்கிற இடத்தில், பாட்டு ஓடும்போது, ஓர் ஆணின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, எதை எப்படிச் சொல்வது? ஆனால் உள்ளே ஓடுகிற அந்தக் குதிரை நின்றுவிட்டால்? வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதற்குள் என் பிள்ளைக்கு ஒன்று ஆகிவிட்டால்?

"அண்ணே!" என்று கத்தினேன். அக்காவே பயந்துபோகிற சத்தம். "எனக்கு கீழ தண்ணி போவுதுண்ணே! ஆஸ்பத்திரிக்கு வுடுங்க!"

பாட்டு நின்றது. டிரைவர் அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லும்மா. எல்லாரும் கம்பிய புடிச்சிக்கோங்க," என்று ஹாரனில் கையை வைத்தார். கண்டெய்னர் லாரிகள் ஒதுங்கின. மாலை கட்டிய பஸ் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவுக்குள் நுழைந்ததைப் பார்த்துக் கல்யாண வண்டி என்று சிலர் கையசைத்தார்கள். அந்தப் பயத்திலும் எங்களில் யாரோ பதிலுக்குக் கையசைத்தாள்.

கன்னத்தில் சந்தனமும் கையில் டிபன் டப்பாவுமாக ஒரு பஸ் நிறையப் பெண்கள் உள்ளே நுழைந்ததும் வரவேற்பில் இருந்த பெண் எழுந்து நின்றுவிட்டாள். "இதுல பேஷண்ட் யாரு?" அக்கா என்னை முன்னால் தள்ளினாள்.

டாக்டரம்மா விளக்கைப் போட்டுப் பார்த்தார், ஒரு தாள் வைத்துச் சோதித்தார், இருமச் சொன்னார், மறுபடி பார்த்தார். நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வயிற்றில் கருவியை வைத்தார். குதிரை ஓடியது.

"பனிக்குடம் பத்திரமா இருக்கு. நீ ரொம்ப சிரிச்சியா?"

"ஆமா மேடம்."

"அதான். சிரிச்சதுல யூரின் போயிருக்கு. இந்த மாசத்துல நடக்கறதுதான்."

நான் முகத்தை மூடிக்கொண்டேன். ஒன்றுக்குப் போனதற்கா ஒரு பஸ்ஸைத் திருப்பினேன்? டாக்டரம்மா என் கையை விலக்கினார். "எதுக்கு மூடுற? பாக்காம உனக்கு எப்படித் தெரியும்? பத்து தடவ இப்படி வந்தாலும் நான் திட்ட மாட்டேன். பதினோராவது தடவையும் வா."

அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று. என் மகள் தன் மாதம் நிறைந்து, தன் நேரத்துக்கு, ஆஸ்பத்திரியே அதிர அழுதுகொண்டு வந்தாள். ஆனால் அன்றைய கதை இன்னும் முடியவில்லை. நான் வெளியே வந்து, ஒன்றுமில்லை, சிரித்ததில் ஒன்றுக்குப் போய்விட்டேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். பஸ்ஸைத் திருப்பிய வாய்க்கு இனி என்ன கூச்சம்? கூட்டம் மறுபடி ஓவென்று சிரித்தது. டிரைவர் அண்ணன் காது கேட்காதவர் போல வாசலில் போய் நின்றுகொண்டார். சிரிப்பு அடங்கும்போது, லைனில் எனக்கு எதிரே நிற்கிற பெண் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். தனக்கும் ரொம்ப நாளாக அரிப்பு இருக்கிறது, வந்தது வந்தோம், காட்டலாமா என்றாள். அவளை உள்ளே அனுப்பினேன். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள். பிறகு இரண்டு பேர் சேர்ந்து எழுந்தார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து மீதித் தயிர்சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே கதவைத் திறந்து விடுகிற வேலையைப் பார்த்தேன். சந்தோஷத்தில் எனக்குத் தலை கிறுகிறுத்தது.

எல்லாரும் போய் வந்த பிறகு அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மூக்கில் குங்குமம் அப்படியே இருந்தது. "நீயும் கூட வரியாடி?" என்றாள். குழாயடியில் தெருவையே திருப்புகிற குரல், எனக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. கையைக் கழுவிவிட்டுக் கூடப் போனேன்.

"சொல்லும்மா," என்றார் டாக்டரம்மா.

அக்கா என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "இவளுக்கு இருந்தா மாதிரிதான் மேடம். எனக்கும் கீது."

"எப்போலேர்ந்து?"

"என் பையன் வயித்துல இருந்தப்போ ஆரம்பிச்சது."

"பையனுக்கு இப்ப என்ன வயசு?"

"காலேஜ் போறான் மேடம்," என்றாள் அக்கா.